எழவு முறைத் தண்ணீர்

பஞ்சாட்சரத்தின் கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கலைந்துபோன வாரத்தில் கமலத்தின் வீட்டில் பருப்பு வேகவில்லை. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று மளிகைக்காரனைத் திட்டினாள். வேறு கடையில் வாங்கி வந்தாள். குக்கர் விசிலடித்து ஓய்ந்த பிறகு மூடியைத் திறந்தால் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. "வாஷர் போய்டுச்சும்மா" என்றாள் மகள் மோகனா. வாஷரையும் மாற்றினார்கள். புருஷன் செத்த வீட்டில் எது ஒழுங்காக நடக்கும் என்று கமலம் அதோடு விட்டுவிட்டாள். தண்ணீர் மேல் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் சமைக்கிறாள். ஊரில் மற்ற கிணறெல்லாம் ஒவ்வொன்றாக உப்பேறிக் கைவிடப்பட்ட பிறகும், அடுத்த தெருப் பெண்கள் சோறாக்கக் குடம் எடுத்துக்கொண்டு வந்தது இந்தக் கிணற்றுக்குத்தான்.

கமலம் திமிரிப் பக்கத்துப் பெண். அவளைக் கட்டிய பஞ்சாட்சரம், மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் ஊறவைக்கிற டிரம்முக்குத் தோல் ஏற்றி இறக்குகிறவன். ஷாப்பு நேரம் போக மிச்சமெல்லாம் நிலத்தில்தான் கிடப்பான். அரை ஏக்கரில் முள்ளுக் கத்திரி. வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காய் இருந்தால் போதும், குழம்பில் வேறொன்றும் தேடமாட்டார்கள். காம்பு முள் குத்தாமல் பறிக்கக் கமலத்துக்கு ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷமும் பஞ்சாட்சரம் அவள் கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஷாப்பிலிருந்து வந்தால் எத்தனை சோப்பு போட்டாலும் தோல் வாடை போகாது. "நீ தோலு, நானு கத்திரி. ரெண்டுமே கைய உரிக்கிற சரக்குதான்" என்பாள். ஊரே அப்படித்தான். வீட்டுக்கு ஒருவர் தோலில், ஒருவர் மண்ணில். தோல் ஷாப்புக் கழிவால்தான் தண்ணீர் கெட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஷாப்புச் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது என்பதும் தெரியும். ஆகவே யாரும் அதைப்பற்றிச் சத்தமாகப் பேசுவதில்லை. மோகனாவும் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள்தான்.

கிணறு மூன்று பங்கு. பஞ்சாட்சரத்துக்கு ஒன்று, அவன் பங்காளி வேதாசலத்துக்கு ஒன்று, இன்னொரு பங்காளி ராமமூர்த்திக்கு ஒன்று. ராமமூர்த்தி வேலூரில் ஜவுளிக்கடை வைத்து அங்கேயே தங்கிவிட்டான். அவன் நிலமும் பங்கும் வேதாசலத்திடம் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்குக் கிடந்தன. மோட்டார் பொது, முறை தனி. அவரவர் முறை நாளில் அவரவர் தண்ணீர். பத்திரத்தில் எழுதியது அவ்வளவுதான். எழுதாதது ஒன்று இருந்தது. அதற்கு எழவு முறை என்று பெயர்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் கருமாதி வரைக்கும் அந்த வீட்டு ஆள் மோட்டாரைத் தொடக்கூடாது. மற்ற பங்காளிகள் தங்கள் முறையை விட்டு அந்த நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். செத்தவனோடு பயிரும் சாகக்கூடாது என்பது கணக்கு. வாங்கிக்கொண்ட வீட்டுக்கும் ஒரு கட்டு உண்டு. கொடுத்தவன் வீட்டில் ஒரு சாவு விழுந்து, பதிலுக்குப் பாய்ச்சி முடிக்கிற வரைக்கும், கிணற்று விஷயத்தில் அவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. இதை யார் எப்போது ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால் தெரியாது. ஆனால் மீறினவன் பேர் தெரியும். மேட்டுத்தெருவில் ஒருவன் மீறினான். அவன் வீட்டுப் பிணத்தைத் தூக்கப் பங்காளி யாரும் வரவில்லை.

பஞ்சாட்சரம் வைகாசி வெயிலில் ஷாப்புக்குக் கிளம்பும்போது மார்வலி என்று வாசலில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. எழவு முறையை வேதாசலம் எடுத்துக்கொண்டார்.

கருமாதி முடிந்து கமலம் கத்திரித் தோட்டத்துக்குப் போனபோது வேதாசலம் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். செடிக்குச் செடி மண் ஈரமாக இருந்தது. ஆனால் இலைகளின் ஓரம் தீயில் காட்டினது போலக் கருகியிருந்தது. பூ உதிர்ந்து கிடந்தது. வாய்க்கால் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

"ஒரு நாள் காயவுடலம்மா. கெணத்துல தண்ணி கம்மி. நம்ம போரப் போட்டுத்தான் பாய்ச்சினேன்" என்றார் வேதாசலம்.

அவர் நிலத்தின் மேற்கு ஓரத்தில், பழைய ஷாப்புக் கழிவு தேங்கி நின்ற பள்ளத்துக்குப் பக்கத்தில், போன வருஷம் போர் போட்டிருந்தார். கிணற்றுக்குள் போர் இறக்கினால் மற்ற பங்கு பாதிக்கும், அதனால்தான் தள்ளிப் போட்டேன் என்று சொல்லி நல்ல பேர் வாங்கியிருந்தார். தண்ணீர் நிறைய வந்தது. வாயில் வைக்க முடியாது. தென்னைக்கும் மாட்டுப் புல்லுக்கும் அதை விடுவார். சாப்பாட்டு நெல்லுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர்.

கமலம் திரும்பிப் பார்த்தாள். வேதாசலத்தின் நெல் கரும்பச்சையாக நின்றது. கிணற்றில் தண்ணீர் கம்மி என்றால் அந்த நெல்லுக்கு எது பாய்ந்தது? பஞ்சாட்சரத்தின் முறைத் தண்ணீர் பாய்ந்தது. பஞ்சாட்சரத்தின் கத்திரிக்குப் போர்த் தண்ணீர் பாய்ந்தது.

வேதாசலம் கெட்டவர் இல்லை. பாடைக்கு மூங்கில் வெட்டியவர் அவர்தான். மயானச் செலவில் ஒரு ரூபாய் இவர்களிடம் கேட்கவில்லை. வெயிலில் நின்று மடை திருப்பியதில் அவர் முகமும் கருத்துத்தான் போயிருந்தது. கொடுத்ததும் நிஜம், கொடுத்ததில் ஒரு கை எடுத்துக்கொண்டதும் நிஜம்.

"நல்லது மாமா" என்றாள் கமலம். வேறென்ன சொல்வது?

கத்திரி அந்தப் போகம் போயிற்று. பிடுங்கிப்போட்ட செடியை ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. அதையாவது மறுபோகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கமலம் தேற்றிக்கொண்டாள். பருப்பு வேகாத விஷயம் அவளுக்குப் புரிந்தது ஆவணியில்.

வேதாசலத்தின் போர் மோட்டாரில் காயில் கம்பி எரிந்துபோய், ஆற்காட்டில் புதுக் கம்பி கட்டக் கொடுத்திருந்தார். கடைக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான். அந்த இடைவெளியில் ஒருநாள் குக்கரைத் திறந்த கமலம் அப்படியே நின்றாள். பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது. மறுநாளும் குழைந்தது. மோட்டார் திரும்பி வந்து, போர் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடத் தொடங்கிய சில நாளில், மறுபடி பருப்பு கல்லாகக் கிடந்தது.

அவள் கிணற்றடிக்குப் போய் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய தண்ணீரும் இல்லை. எழவு முறை நாளிலிருந்து போர் ஓயாமல் ஓடுகிறது. அது உறிஞ்ச உறிஞ்ச, அந்தப் பள்ளத்து உப்பு நகர்ந்து இந்தப் பக்கம் வருகிறது. போரை நிறுத்தினால் கிணறு தெளிகிறது. நிறுத்தாவிட்டால் ஒருநாள் தெளியாமலே போய்விடும். இதைப் போய் வேதாசலத்திடம் சொல்ல வேண்டும். சொல்லக் கூடாதவள் அவள் ஒருத்திதான்.

"இன்னாம்மா பேஜார் இது" என்று மோகனா கத்தினாள். கம்பெனி வேனிலிருந்து இறங்கி முகம்கூடக் கழுவவில்லை. "ஊர்ல எந்தச் சட்டத்துல கீது, வாய தொறக்கக் கூடாதுன்னு? நான் போய் கேக்கறேன் பெரியப்பாவ."

"உக்காரு."

"அவர் வுட்டதே உப்புத் தண்ணி. அதுக்கு இன்னா மருவாதி?"

"உப்போ சப்போ, வாங்கினது வாங்கினதுதான். உங்க நைனாவத் தூக்கினது யாரு?"

"தூக்கினா? அதுக்காக நாம கெணத்த எழுதிக் குடுக்கணுமா?"

"நாளைக்கு நான் செத்தா நீ ஒருத்தியா என்னத் தூக்குவ? உன் கம்பெனி சூப்பர்வைசர் வருவானா?"

மோகனா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேகாத பருப்பைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு ரசத்தை மட்டும் ஊற்றிக்கொண்டாள்.

கமலம் வேறு வழியும் பார்த்தாள். மூன்றாம் பங்குக்காரன் சொல்லலாம் அல்லவா? வேலூருக்கு பஸ் ஏறி ராமமூர்த்தி கடைக்குப் போனாள். அவன் சோடா வாங்கிக் கொடுத்தான், மோகனாவுக்குச் சுடிதார் துணி ஒன்று எடுத்துக் கொடுத்தான். "நானே நெலத்த வித்துட்டுப் போலாம்னு கீறேன் கமலம். எனக்கெதுக்கு அண்ணங்கிட்ட பொல்லாப்பு?" என்றான். கலெக்டர் ஆபீசில் மனு கொடு என்றாள் கல்லாவில் இருந்த அவன் பெண்டாட்டி. பங்காளி மேல், அதுவும் எழவு முறை கொடுத்தவன் மேல், மனுவா? கமலம் துணியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

மிஞ்சியது ஒரே வழி. வேதாசலம் வீட்டில் ஒரு சாவு.

அந்த வீட்டில் சாவுக்கு வரிசையில் இருந்தது அவர் அப்பா ஆதிகேசவன்தான். தொண்ணூறைத் தொட்ட கிழவர். இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். வாய் மட்டும் உடையவில்லை. மோகனா கூப்பிடுவதைப் பார்த்துக் கமலமும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். வேதாசலத்தின் பெண்டாட்டி மாட்டுக் கொட்டகையோடு மல்லுக்கட்டுகிறவள். கிழவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதைக் கமலம் முன்பிருந்தே செய்துவந்தாள். இப்போது அந்தக் கஞ்சியைக் கொண்டுபோகும்போது அவளுக்குக் கை கூசியது. நிறுத்தினால் இன்னும் கூசும் என்று தோன்றியதால் நிறுத்தவில்லை.

"இன்னாடி, தெனம் வந்து ஆளு கீறானா இல்லியான்னு பாத்துட்டுப் போறியா?" என்றார் கிழவர் ஒருநாள்.

கமலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னா தாத்தா பேச்சு இது?"

"எனுக்குத் தெரியும்டி. கெணத்துத் தண்ணி நாக்குல கரிக்குது. நீ வெக்கிற கஞ்சியில நான் குடிக்கிறன் இல்ல? எம் புள்ளைக்குச் சொன்னா, உனக்கு நாக்கு செத்துப்போச்சுன்றான். நீ சொல்லணும். நான் போனாத்தான உனுக்கு வாயி வரும்?" கிழவர் பொக்கை வாயால் சிரித்தார். "நானும் போவணும்னுதான் பாக்கறேன். கஞ்சிய நல்லா வெச்சுக் குடுத்து நீதான் இழுத்துப் புடிச்சிக்கினு கீற."

"அப்ப நாளையிலருந்து தண்ணிக் கஞ்சிதான்."

"வெய்யி. அந்தத் தண்ணியில உப்பு போடவாணாம், மிச்சம்."

கார்த்திகை மழையில் கிழவருக்கு மூச்சு திணறி, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். ஊரே முடிவு செய்துவிட்டது. வேதாசலத்தின் பெண்டாட்டி வாசலைப் பெருக்கி, சாமான்களை ஒதுக்கிவைத்தாள். கமலம் மோட்டார் ரூம் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த மழையில் கிணறு அரைக் கிணறு ஏறியிருந்தது. இப்போது முறையைத் திருப்பி, இப்போது சொல்லி, இப்போதே போரை நிறுத்தினால் போதும். அடுத்த வாரம் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கிழவரை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். "யாராவது ஒரு வாய் டீ குடுங்கடா, அங்க வெறும் கஞ்சி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கமலமும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மிஞ்சியது ஏமாற்றம் என்று தெரிந்ததும் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மனுஷர் பிழைத்து வந்ததற்கு ஏமாந்துபோகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று நினைத்தாள். அன்றைக்குக் கிழவருக்கு டீ போட்டு எடுத்துப் போனவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கார்த்திகைத் தண்ணீர் தையில் வடிந்தது. போர் ஓடிக்கொண்டே இருந்தது. வேதாசலம் இன்னும் இரண்டு கறவை மாடு வாங்கியிருந்தார், புல் நிறைய வேண்டியிருந்தது. கமலம் மறுபடி கத்திரி நட்டாள். நாற்று பிடித்து, இலை விட்டு, அங்கேயே நின்றுவிட்டது. வளரவும் இல்லை, சாகவும் இல்லை. குடம் எடுத்து வரும் பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். கடைசியாக வந்துகொண்டிருந்த சௌந்தரம் ஒருநாள் வெறுங்குடத்தோடு திரும்பிப் போனாள். "கோச்சிக்காத கமலம், சோறு மஞ்சளா வருது" என்றாள். மோகனா சம்பளத்தில் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தாள். கேன் தண்ணீரில் பருப்பு வெந்தது. கமலத்துக்கு அதைச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அந்த மாதங்களில் எத்தனையோ தரம் வேதாசலத்தை வரப்பில் எதிர்கொண்டாள். ஒவ்வொரு தரமும் நாக்கு நுனிவரை வந்தது. அவரும் ஒவ்வொரு தரமும், "பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கலாமா? நான் கீறன் இல்ல?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். போகிறவனைத் தடுத்துக் கேட்கலாம். இப்படி நின்று கேட்கிறவரை எங்கே தடுப்பது?

ஆதிகேசவன் மாசியில், காலைக் கஞ்சி குடித்துவிட்டுச் செத்தார். பாத்திரத்தை எடுக்கப் போன கமலம்தான் முதலில் பார்த்தாள். அவள் அழுத அழுகையைப் பார்த்து, பெற்ற மகளுக்கு மேல் அழுகிறாளே என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அழுகை நிஜம்தான். அதில் என்னென்ன கலந்திருந்தது என்று அவளாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிணம் எடுத்த மறுநாள் கமலம் எழவு முறையைத் தொடங்கினாள். வேதாசலத்தின் நெல் அப்போது பால்பிடிக்கிற பருவம், தை வரை மழைத் தண்ணீரிலேயே தேறிவந்த பயிர். தன் கத்திரிக்கு ஒரு சொட்டுக் காட்டாமல், தன் முறை முழுவதையும் அந்த நெல்லுக்குத் திருப்பினாள். லீவு போட்டு வந்த மோகனா மடையில் நின்றுகொண்டு, "அவர் பண்ண மாதிரி நீயும் போரப் போட்டு வுடேன், சாவி அங்கதான் கீது" என்றாள்.

"கெணத்துத் தண்ணிதான் எழவு முறை."

"அதுவும் இதுவும் இப்ப ஒண்ணுதான்."

"வாய மூடிக்கினு மண்ண வெட்டு."

மோகனா சொன்னதுதான் நடந்தது. கருமாதி முடிந்து மொட்டைத் தலையோடு வயலுக்கு வந்த வேதாசலம் நேராக நெல்லுக்குள் இறங்கினார். நெல்லின் நுனி காவிக் கலரில் காய்ந்திருந்தது. கதிரைப் பிதுக்கினார். பதர்.

"இன்னா தண்ணி வுட்ட கமலம்?" குரலில் கோபம் இருந்தது.

"கெணத்துத் தண்ணிதான் மாமா. நம்ம கெணத்துத் தண்ணி."

அவர் வாய்க்காலில் குனிந்து அள்ளி வாயில் விட்டு, துப்பினார். மறுபடி அள்ளினார். அதையும் துப்பினார். மாடுகளுக்கும் புல்லுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தவர், பணம் கட்டி வீட்டுக்கு எப்போதோ குழாய் இழுத்துவிட்டதால் இந்தக் கிணற்றை நாக்கில் வைத்து ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

கமலத்துக்கு இப்போது பேச உரிமை வந்திருந்தது. பத்து மாதமாகச் சேர்த்துவைத்திருந்த சொற்களைத் தேடினாள். "போர நிறுத்துங்க மாமா" என்பதுதான் கிடைத்தது.

"எப்பருந்து இப்டி கீது?"

"அவரு கருமாதிக்குப் பொறவே. ஆவணியில உங்க மோட்டாரு எரிஞ்சுபோச்சே, அப்ப தெளிஞ்சுது. பொறவு போய்டுச்சு."

"ஆவணியிலயே தெரியும்ன்ற! அப்பவே சொல்றதுக்கின்னா?"

"முறை வாங்கினவ எப்டி மாமா சொல்லுவேன்?"

வேதாசலம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "நீ சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்."

அவர் கண் அதைச் சொல்லும்போதே மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் வந்தது. நிறுத்தியிருப்பாரோ, மாட்டாரோ. நிறுத்தியிருப்பார் என்றால், வாயை மூடிக் கிணற்றைக் கெடுத்தவள் அவள். மாட்டார் என்றால், அந்தப் பழியில்லை. மாட்டார் என்றே நம்பிக்கொள்ளக் கமலம் எவ்வளவோ பார்த்தாள். முழுசாக நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் அவர் போரை நிறுத்தினார். சொன்ன சொல் தவறவில்லை. மாடுகளில் இரண்டை விற்றார். கமலம் தினமும் ஒரு பிடிப் பருப்பைக் கிணற்றுத் தண்ணீரில், சின்னக் குக்கர் ஒன்றில் தனியாக வேகவைத்துப் பார்த்தாள். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, கோடை மழைகூட ஒன்று பெய்தது. பருப்பு முழுசாகவே கிடந்தது. ஒருநாள் மோகனா அந்தச் சின்னக் குக்கரைக் கழுவிப் பரண் மேல் வைத்துவிட்டாள். கமலமும் அதை இறக்கவில்லை.

பஞ்சாட்சரத்தின் வருஷத் திவசத்துக்கு வந்த வேதாசலம் சைக்கிளில் இரண்டு தென்னங்கன்று கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் இறக்கிவைத்து, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "கத்திரி இனிமே நிக்காதும்மா. இது உப்பு தாங்கும். இன்னும் வேணும்னா நாத்து கீது, எடுத்துக்கோ."

கன்றுகள் சில நாள் சுவரில் சாய்ந்து கிடந்தன. பிறகு ஒரு காலையில் கமலம் கடப்பாரை எடுத்துக்கொண்டு கத்திரித் தோட்டத்துக்குப் போனாள். தாயும் மகளும் மாறி மாறிக் குழி வெட்டினார்கள். மேல்மண் வெள்ளையாக அடைகட்டி உடைந்தது. குழி ஆழமானதும் மோகனா வீட்டுக்கு ஓடி, அடுப்படியிலிருந்து கல்லுப்பு டப்பாவை எடுத்து வந்தாள். தென்னங்கன்று நடும்போது குழியில் ஒரு பிடி உப்பு போட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

"எவ்ளோ போடட்டும்மா?"

கமலம் கன்றைக் குழிக்குள் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டிருந்தது.

"உப்ப எடுத்துக்கினு போய் வூட்ல வெய்யி. தண்ணியிலயே கீது" என்றாள்.